ஒன்றாம் பொத்தான்

காலை ஆறே முக்காலுக்கு அம்மாவைக் கூப்பிடுவேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் காரை நிறுத்திவிட்டு அலுவலகத்துக்கு நடக்கும் அந்தப் பத்து நிமிடம் எங்கள் இருவருக்கும் உரியது. அம்மா பினாங்கில், ஆயர் ஈத்தாமில், பதினான்காவது மாடியில் தனியாக இருக்கிறார். புதிதாகப் பேச ஒன்றும் இருக்காது. மழை பெய்ததா, முட்டி எப்படி இருக்கிறது, பிரஷர் மாத்திரை போட்டாச்சா, நேற்று யார் வந்தார்கள். இந்தப் பேச்சுக்குப் பின்னால் எப்போதும் வானொலி ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பக்திப் பாடல். சில நாள் அறிவிப்பாளர் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மாவின் குரலும் அந்த ஒலியும் என் காதில் ஒன்றாகவே கலந்து கிடந்தன. அதனால்தானோ என்னவோ, அதில் பாதி காணாமல் போனபோது எது போனது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. அம்மா சோர்வாகப் பேசுகிறார் என்று மட்டும் பட்டது. சர்க்கரை ஏறிவிட்டதோ, இரவில் தூக்கமில்லையோ என்று என்னென்னவோ கேட்டேன். "ஒண்ணுமில்லமா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஒரு வெள்ளிக்கிழமை காலை பேசி முடித்த பிறகும் அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை, நானும் துண்டிக்கவில்லை. அந்த இடைவெளியில் அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கடிகாரத்தை நான் கேட்டதே இல்லை. நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டேன். அன்று மாலையே பினாங்குத் தீவின் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ரயில் சீட்டு எடுத்தேன்.

பொட்டு வைத்த பொத்தான்

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு நாள்களில் ஊருக்குப் போக முடியாமல் தவித்தபோது, என் மகன் பாட்டிக்காக வாங்கி அனுப்பியது. வைஃபை வழியாக உலகத்து வானொலிகளை எல்லாம் எடுக்கும் பெட்டி. முன்பக்கம் சின்னத் திரை, கீழே ஆறு பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு நிலையத்தைச் சேமித்து வைக்கலாம். அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதால் பழைய டிரான்சிஸ்டரின் சக்கரத்தைத் திருப்ப முடியாது, கண்புரையால் முள் நிற்கும் இடமும் தெரியாது. ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்பது அவருக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. முதல் பொத்தானில் மலேசிய அரசின் தமிழ் வானொலியான மின்னல் பண்பலையை வைத்துக் கொடுத்தோம். அம்மா தன் நெற்றிக்கு வைக்கும் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அந்தப் பொத்தான்மேல் ஒட்டினார். தடவிப் பார்த்தாலே தெரியுமாம். பொட்டு தேய்ந்தால் புதிது ஒட்டுவார். மற்ற ஐந்து பொத்தான்களிலும் என்ன இருக்கிறது என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

அவருக்கு அது மின்னலும் இல்லை, இன்றைக்கும் "ரேடியோ ஆறு"தான். 2005-இல் பெயர் மாறியது அவர் வாய்க்கு எட்டவே இல்லை. அதன் மூலமான ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது, அம்மா பிறந்தது 1948. இரண்டு வயது மூத்த அக்காவைப் போல அவருக்கு அந்த வானொலி. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணியின் வீட்டு வாசலில்தான் முதன்முதலாகக் கேட்டாராம். மாலையில் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் குளித்துவிட்டு அங்கே போய்த் தரையில் உட்காருவார்கள். கிராணியம்மா சன்னலைத் திறந்து வைத்தால் கேட்கலாம், மூடினால் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டு நின்றவருக்கு, அதற்குப் பிறகு கிடைத்த படிப்பெல்லாம் அந்த நிலையத்திலிருந்து வந்ததுதான். நாட்டில் என்ன நடக்கிறது, எந்த உதவிக்கு எங்கே மனு கொடுக்கவேண்டும், எந்தக் காய்ச்சலுக்கு என்ன அறிகுறி, எல்லாம் தமிழில், அவருக்குப் புரிகிற தமிழில்.

"மூடிட்டாங்க"

சனிக்கிழமை அதிகாலை. நான் கூடத்தில் படுத்திருந்தேன். அம்மா எழுந்து முகம் கழுவி, சாமி விளக்கேற்றி, கோப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு இருட்டிலேயே நடந்து வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்றார். விரலால் பொட்டைத் தேடி அழுத்தினார். திரை நீலமாக எரிந்தது, ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது, அரை நிமிடத்தில் அணைந்தது. அம்மா அதைப் படிக்கவில்லை, அவரால் படிக்கவும் முடியாது. சத்தம் வருமா என்று பார்ப்பதுபோல் கொஞ்சநேரம் அப்படியே நின்றார். பிறகு பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். இத்தனையும் நடந்தது ஒரு நிமிடத்துக்குள். நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

கோப்பி குடிக்கும்போது கேட்டேன். "ரேடியோ என்னமா ஆச்சு?"

"அதான் மூடிட்டாங்களே. உனக்குத் தெரியாதா?"

எனக்குப் புரியவில்லை. யார் சொன்னது என்றேன். யாரும் சொல்லவில்லை, ஒரு நாள் காலையில் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஒன்பதாவது மாடியில் இருக்கும் அக்காவிடம் கேட்டாராம். அவரும் இதே மாதிரிப் பெட்டிதான் வைத்திருக்கிறார், அவர் வீட்டிலும் அதே நாளிலிருந்து வரவில்லை. இரண்டு வீட்டிலும் வரவில்லை என்றால் மூடிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம் என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். "தமிழ் ரேடியோவ எத்தன நாளைக்கு வச்சிருப்பாங்க, சொல்லு. உங்கப்பா கேட்டதயும் இப்படித்தான நிறுத்துனாங்க" என்றார். குரலில் கோபமில்லை. செய்தி சொல்வதுபோலச் சொன்னார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ வேலைக்குப் போற நேரத்துல இதுக்குப் போயி உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நீ சொல்லி அவங்க தெறக்கவா போறாங்க?" என்றார்.

மூன்று வாரமாக அம்மா ஒரு சாவுக்குத் தனியாகத் துக்கம் காத்திருக்கிறார். சாகாத ஒன்றின் சாவுக்கு. மூடிவிட்டார்கள் என்று முடிவு கட்டிய பிறகும் ஒவ்வொரு விடியலிலும் அந்தப் பொட்டை அழுத்திப் பார்த்திருக்கிறார்.

என் கைப்பேசியை எடுத்து அதே நிலையத்தைத் திறந்தேன். ஒரு விளம்பரம் முடிந்து பாட்டு தொடங்கியது. அம்மா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். முதல் அடியிலேயே பாட்டைக் கண்டுகொண்டு வாயசைத்தார். பிறகுதான் அழுதார்.

அப்பா கேட்டது

அம்மா ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினார் என்பது எனக்குத் தெரியும். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பிபிசி தமிழோசையை விடாமல் கேட்பவர். இந்திய நேரம் இரவு ஒன்பதே காலுக்கு வருவது நமக்கு நள்ளிரவுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது வரும். மறுநாள் காலை வேலை இருந்தாலும் முழித்திருப்பார். சன்னல் கம்பியில் ஒரு ஒயரைச் சுற்றி ஏரியலோடு இணைத்து, சிற்றலையின் இரைச்சலுக்குள்ளிருந்து லண்டனில் பேசும் தமிழைப் பிடித்து எடுப்பார். அலை மங்கும்போது டிரான்சிஸ்டரைத் தூக்கித் தோள்மேல் வைத்துக்கொண்டு கூடத்தில் நடப்பார். 1941-இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. நிறுத்தப்போகிறார்கள் என்று வானொலியிலேயே சொன்னார்கள், அப்பாவும் கடைசி நாள் கேட்டுவிட்டுத்தான் படுத்தார். அதற்குப் பிறகு அந்தச் சேவை இணையத்திலும் தொலைக்காட்சியிலும் தொடர்கிறது என்று நாங்கள் சொன்னோம். அப்பாவுக்கு அது வேறு. அடுத்த சில வாரமும் அதே நேரத்துக்கு எழுந்து போய் முள்ளை அதே இடத்தில் வைத்துப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். கணவர் அன்று செய்ததைத்தான் அம்மா இன்று செய்திருக்கிறார்.

ஒரு வேறுபாடு உண்டு. அப்பாவிடம் விடைபெற்றுக்கொண்டு போனார்கள். அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லவேண்டிய எதுவும் நடந்ததாகவே யாருக்கும் தெரியாது. கோலாலம்பூரில் வானொலி நிலையம் இருக்கும் அங்காசாபுரியில் வழக்கம்போல விளக்கு எரிந்தது, அறிவிப்பாளர்கள் பேசினார்கள், செய்தி வாசித்தார்கள். ஆயர் ஈத்தாமில் இரண்டு வீடுகளில் மட்டும் நாட்டின் தமிழ் வானொலி இறந்து கிடந்தது.

நடுவில் ஒருவர்

இந்தப் பெட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பெட்டிக்கு எந்த நிலையத்தையும் நேராகத் தெரியாது. நாம் பொத்தானை அழுத்தியதும் அது எங்கோ வேறொரு நாட்டில் இருக்கும் ஒரு பட்டியலிடம் போய், இந்த நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. பட்டியல் ஒரு முகவரியைக் கொடுக்கிறது, பெட்டி அந்த முகவரிக்குப் போகிறது. நிலையம் முகவரியை மாற்றினாலும், ஒலியை அனுப்பும் முறையை மாற்றினாலும், பட்டியல்காரர் திருத்த மறந்தாலும், பட்டியல் நடத்தும் நிறுவனமே கடையைக் கட்டினாலும் நம் வீட்டில் நடப்பது ஒன்றுதான்: சத்தம் வராது. புது முறையில் வரும் ஒலியைப் பிரித்துப் படிக்கப் பழைய பெட்டிக்குத் தெரியாமலும் போகலாம். பெட்டி கெட்டுப்போகவில்லை, நிலையமும் கெட்டுப்போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒருவர் கையை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். அந்த ஒருவர் இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. வாங்கிக்கொடுத்த எங்களுக்கும் தெரியாது. பெட்டியை விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் எழுதிய பதில் வந்தது, அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. பிரிட்டனில் 2015-இல் பிபிசி தன் ஒலியை அனுப்பும் முறையை மாற்றியபோது, நிறையப் பேருடைய இணைய வானொலிப் பெட்டிகள் ஊமையாயின. 2019-இல் டியூன்இன் என்ற பட்டியல் நிறுவனத்தோடு பேச்சு முறிந்து, அந்த நாட்டுக்குள் பிபிசி தன் நிலையங்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டது. யார் எதை எவ்வளவு நேரம் கேட்கிறார்கள் என்ற தரவு தங்களுக்கு வேண்டும் என்பது பிபிசி சொன்ன காரணம். 2023-இல் பழைய பெட்டிகள் நம்பியிருந்த ஷவுட்காஸ்ட் என்ற ஒலி அனுப்பும் வழியும் மூடப்பட்டது. 2025-இல் பிபிசி சவுண்ட்ஸ் செயலி பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு நின்றது. ஒவ்வொரு முறையும் அவர்கள் தரப்பில் ஒரு காரணம் இருந்தது, சில நியாயமான காரணங்கள்கூட. ஆனால் உரிமக் கட்டணம் கட்டுகிற ஒரு கிழவி எடின்பரோவில் பொத்தானை அழுத்திவிட்டு நின்றிருப்பாள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிபிசியாவது முன்கூட்டி அறிவித்தது. அந்த அறிவிப்பு, படிக்கிறவர்களிடம் மட்டும் போய்ச் சேர்ந்தது.

வானத்தில் வந்தபோது நடுவில் யாரும் இல்லை. கோபுரத்திலிருந்து கிளம்பியது, காற்றில் வந்தது, வீட்டில் இறங்கியது. யார் கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, பெட்டி வழியாக யாரும் கணக்கெடுக்கவும் முடியாது. அஞ்சல் நிலையத்தில் வரிசையில் நின்று வானொலி உரிமம் எடுத்த தலைமுறை அம்மாவுடையது. அந்தத் துண்டுச் சீட்டுகளை அப்பா ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். பணம் கட்டியவர்கள் என்ற உரிமையோடு அவர்கள் வானொலியைத் திறந்தார்கள். இன்றும் அது மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. ஆனால் நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்ட பிறகு, கதவைத் திறப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையை முகம் தெரியாத ஒரு பட்டியல்காரரிடம் கொடுத்துவிட்டோம். கிராணி வீட்டுச் சன்னலாவது கண்ணுக்குத் தெரிந்தது. மூடினால் மூடியது யார் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

கைப்பேசியில் கேட்கலாமே

என் மகனும் அதைத்தான் கேட்டான், பாட்டிமேல் உள்ள பாசத்தில்தான் கேட்டான். மின்னலை நடத்தும் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்முக்கே சொந்தமாகச் செயலி இருக்கிறதே, அதில் எல்லா நிலையமும் வருமே என்றான். வரும், மறுக்கவில்லை. நான் அதில்தான் கேட்கிறேன். அம்மாவின் விரல்கள் காய்ந்து வெடித்தவை. அறுபது வருடம் பாத்திரம் தேய்த்த விரல்கள். தொடுதிரை அந்த விரலைத் தொட்டதாகவே ஏற்றுக்கொள்வதில்லை. ஈரத்துணியில் துடைத்துவிட்டுத் தொட்டால் இரண்டு இடத்தில் தொட்டதாக எடுத்துக்கொள்கிறது. பாட்டு ஓடும்போது யாராவது கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடுகிறது, பேசி முடித்ததும் எங்கே போய் அழுத்தினால் திரும்பி வரும் என்று தெரியவில்லை. செயலி புதுப்பிக்கச் சொல்கிறது, அதுவும் எழுத்தில் சொல்கிறது. கைப்பேசி என்பது அம்மாவுக்குப் பிள்ளைகள் கூப்பிடுவதற்கான பொருள். மின்கலம் தீர்ந்துவிட்டால் நான் கூப்பிடும்போது எடுக்க முடியாதே என்ற பயத்திலேயே அதில் பாட்டுக் கேட்க மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கில் அடித்த புயல் மழையை அந்தத் தீவில் இருந்தவர்கள் மறக்க முடியாது. மறுநாள் விடிந்தபோது ஊர் தண்ணீரில் நின்றது. அன்று அம்மாவும் அப்பாவும் பதினான்காவது மாடியில், மின்சாரம் இல்லை, மின்தூக்கி இல்லை. வைஃபை மின்சாரத்தோடு போயிற்று. கைப்பேசி விடியும் முன்பே அணைந்தது. நான் கோலாலம்பூரில் உட்கார்ந்து மாறி மாறி அழைத்துக்கொண்டிருந்தேன். அவர்களோ மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு அப்பாவின் பழைய டிரான்சிஸ்டரில் செய்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். எந்தெந்தப் பக்கம் தண்ணீர், எங்கே மரம் விழுந்திருக்கிறது என்று எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான்கு கட்டை பேட்டரி போதுமானதாக இருந்தது. நார்வே 2017-இல் தன் தேசியப் பண்பலை ஒலிபரப்பையே நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியது. நம் நாட்டிலும் ஒரு நாள் அந்தப் பேச்சு வரும். வரும்போது அந்த இரவைப் பற்றி யாராவது எழுந்து பேசவேண்டும் என்பதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

தேசிய வானொலி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. எந்தப் பழைய பெட்டியும் எடுக்கக்கூடிய எளிய முகவரி ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள், எந்தச் செயலிக்குள்ளும் பூட்டாமல். அதை மாற்றவேண்டி வந்தால் ஒரு மாதம் முன்னதாக வானொலியிலேயே சொல்லுங்கள், அந்தந்த மொழியில், காலையில், முதியவர்கள் கேட்கும் நேரத்தில். பெட்டி விற்பவர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது: பட்டியல் கைவிட்டாலும் வாங்கியவர் தானே முகவரியை எழுதிச் சேர்க்க ஒரு வழி வையுங்கள். அம்மாவின் பெட்டியில் அந்த வழி இல்லை. நிலையம் கிடைக்கவில்லை என்று அது ஆங்கிலத்தில் சொன்ன அந்த ஒரு வரியை அம்மாவின் மொழியில் பேசிச் சொல்லியிருந்தால், மூன்று வாரம் அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

முள் நின்ற இடம்

அப்பாவின் டிரான்சிஸ்டர் அலமாரியின் மேல்தட்டில், துண்டில் சுற்றிய நிலையில் இருந்தது. 2019-இல் அவர் போன பிறகு யாரும் எடுக்கவில்லை. பின்மூடியைத் திறந்தால் பேட்டரி கசிந்து ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்திருந்தது. கீழே ஹார்ட்வேர் கடையில் மணல்தாள் வாங்கி வந்து, குச்சியில் சுற்றித் தேய்த்துத் தேய்த்துச் செம்பு தெரியும்வரை எடுத்தேன். புது பேட்டரி போட்டதும் இரைந்தது. அந்த இரைச்சல் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அடுப்படி மலையைப் பார்த்தது, அங்கே வைத்தால் வெறும் இரைச்சல்தான். வடக்கே கெடாவில் குனோங் ஜெராய் மலையிலிருந்துதான் இந்தப் பக்கத்துப் பண்பலை நிலையங்கள் பலவும் வருகின்றன. அதனால் கூடத்தின் ஓரத்துச் சன்னலுக்குக் கொண்டுபோய், ஏரியலை முழுதும் இழுத்து, மயிரிழை மயிரிழையாகச் சக்கரத்தை நகர்த்தினேன். ஒரு மலாய்ப் பாட்டு வந்தது, ஒரு சீனச் செய்தி வந்தது, பிறகு தமிழ். "அங்கயே நிறுத்து, நிறுத்து!" என்றார் அம்மா. சக்கரம் நகராதபடி இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினேன். இனி அவர் சக்கரத்தைத் தொடவே வேண்டியதில்லை. பக்கவாட்டில் உள்ள சுவிட்சை மேலே தள்ளினால் வரும், கீழே தள்ளினால் நிற்கும். அம்மா உள்ளே போய்ப் பொட்டு அட்டையை எடுத்து வந்து, ஒரு சிவப்புப் பொட்டை அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

திங்கட்கிழமை நான் கோலாலம்பூரில். ஆறே முக்காலுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அலுவலகப் படியேறும் வரை வயிற்றைப் பிசைந்தது. ஏழே காலுக்கு அவரே அழைத்தார், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒன்பதாவது மாடிக்குப் போயிருந்தேன்மா. மூடலன்னு சொன்னா அக்கா நம்பவே மாட்டேங்குது. அதான் ரேடியோவத் தூக்கிட்டுப் போயி அவங்க சன்னல்ல வச்சுக் காட்டுனேன். சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுலருந்தும் ஒருத்தர் வந்துட்டாங்க. சரி, செய்தி முடியட்டும்னு உக்காந்துட்டோம்."